காது இருக்கிறதா பாருங்கள்: புளூ நோட் தட்டு சேர்க்க வருபவருக்கு

ஒரு பாடகரின் இசைத்தட்டுகளைச் சேர்ப்பது ஒரு பைத்தியம் என்றால், ஒரு கம்பெனியின் தட்டுகளைச் சேர்ப்பது இன்னொரு பைத்தியம். பாடகர் என்றால் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்துவிடலாம். கம்பெனி என்று இறங்கிவிட்டால், ஒரே ஆல்பம் அறுபது வருஷத்தில் பல முறை, வெவ்வேறு முதலாளியின் கீழ், வெவ்வேறு தொழிற்சாலையில் அச்சாகியிருக்கும். அட்டையில் அதே படம், அதே எண். ஒன்று 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பக்கத்திலேயே அதே மாதிரி இருக்கும் இன்னொன்றுக்கு 1 லட்சம் கேட்பார்கள். ஏன் என்று தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியும்வரை பெரிய பணம் எடுத்து வைக்காதீர்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனி. நான் சேர்ப்பது அதைத்தான். அதோடு, உலகத்தில் வேறெந்த ஜாஸ் கம்பெனியின் தட்டையும் ஆட்கள் இவ்வளவு துருவிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதில் படிக்கக் கற்றுக்கொண்டால், பிறகு நீங்கள் எந்த கம்பெனிக்குப் போனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று கண் தானாகத் தேடும்.

கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பெர்லினில் பிறந்து நியூயார்க்குக்கு வந்த ஆல்பிரட் லயன் 1939-இல் தொடங்கிய கம்பெனி இது. அந்த வருஷம் ஜனவரி 6 அன்று ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோக்காரர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். அதுதான் முதல் போணி. வருஷக் கடைசியில் அவருடைய சின்ன வயது நண்பர் பிரான்சிஸ் உல்ஃப் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து சேர்ந்துகொண்டார். தொழில் புகைப்படம். பதிவு நடக்கும்போது அவர் எடுத்த படங்கள்தான் பிற்பாடு அட்டைகளில் வந்தன. 1950களில் ரூடி வான் கெல்டர் வந்தார். பகலில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதிக் கொடுப்பது அவருக்குத் தொழில்; மற்ற நேரத்தில் நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு முன்னறையில் மைக் போட்டு ஜாஸ் பதிவு. 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டுடியோ கட்டிக்கொண்டு முழுநேரமாக இறங்கினார். அட்டை வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ். 1956-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் அவர் கைதான். அந்த மனிதருக்கு ஜாஸ் பெரிதாகப் பிடிக்காது என்பது வேடிக்கை.

லயன் 1966 வாக்கில் கம்பெனியை லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்கு விற்றார், அடுத்த வருஷம் ஒதுங்கிவிட்டார். விற்பதற்கு முன், விற்ற பின் என்ற இந்தக் கோடுதான் சேகரிப்பவர்களுக்கு எல்லாமே.

முதல் வேலை: எல்லை போடுங்கள்

"புளூ நோட் முழுவதும் சேர்க்கப் போகிறேன்" என்று கிளம்பாதீர்கள். வீட்டில் இடமும் இருக்காது, வங்கியில் பணமும் இருக்காது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கம்பெனி ஒரு எண் கொடுக்கும்; 12 அங்குலத் தட்டில் 1500 வரிசை மட்டுமே 1501-லிருந்து 1600 வரை ஓடுகிறது. அதில் 1568 ஹாங்க் மோப்லியின் தட்டு. அசல், அதாவது முதல் அச்சுப் பிரதி நல்ல நிலையில் வந்தால் 10,000 டாலரைத் தாண்டிப் போகும். அதற்கப்புறம் 4001-லிருந்து 4000 வரிசை.

எல்லையை எப்படியும் போடலாம். ஒரு வாத்தியக்காரர் மட்டும், ஒரு வாத்தியம் மட்டும், ரீட் மைல்ஸ் வெறும் எழுத்தை வைத்தே விளையாடிய அட்டைகள் மட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்கன் தட்டுகளை மட்டும் வாங்குவார். ஜிம்மி ஸ்மித்தில் தொடங்கி லாரி யங்கில் முடித்துக்கொள்வார். கெட்டிக்காரத்தனமான எல்லை. ஜிம்மி ஸ்மித் தட்டுகள் அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றவை, அதனால் அசலே இன்றைக்கும் கை எட்டும் விலையில் கிடைக்கும். த்ரீ சவுண்ட்ஸ் என்ற பியானோக் குழுவும் அப்படித்தான்.

என்னுடைய எல்லை 1963, 1964 ஆகிய இரண்டு வருஷத்தில் பதிவானவை. சும்மா குருட்டாம்போக்கில் போட்டது அல்ல. கென்னி பரல் 4123, ஜோ ஹெண்டர்சன் 4140, கிராண்ட் கிரீன் 4154, லீ மார்கன் 4157, எரிக் டால்ஃபி 4163, ஆண்ட்ரூ ஹில் 4167, ஹெர்பி ஹான்காக் 4175, வெய்ன் ஷார்ட்டர் 4194 எல்லாம் இந்த இரண்டு வருஷத்துக்குள் அடங்குகிறது. காலில் தாளம் போட வைக்கும் புளூஸும் உண்டு, தலையைச் சுற்ற வைக்கும் புதுமையும் உண்டு. இன்னொரு லாபமும் உண்டு: இந்தக் காலத் தட்டுகளில் அசலைக் கண்டுபிடிக்கும் விதி மற்ற வருஷங்களைவிடச் சுலபம். அதற்கு வருகிறேன்.

எல்லையை ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் ஒட்டி வையுங்கள். மீறுவீர்கள், அது வேறு விஷயம்.

இரண்டாவது: பிளேயர்

இதை நீட்ட வேண்டியதில்லை. முள்ளைக் கழற்றி மாற்ற முடிகிற, முள்ளைத் தாங்கும் கையின் எடையைத் திருகிச் சரிசெய்ய முடிகிற டர்ன்டேபிள் போதும். சாதாரணமாக முள் தட்டின் மேல் 2 கிராம் அளவில் அழுத்த வேண்டும். முள்ளைப் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டிக்குக் கேட்ரிட்ஜ் என்று பெயர்; அதோடு கூட வரும் தாளில் சரியான அளவு இருக்கும். பெட்டி போல மூடித் தூக்கிப்போகிற மலிவு பிளேயர்களில் பல 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்தும். பார்க்க அழகாக இருக்கும், பரிசாகக்கூட வரும். அதில் பழைய தட்டு எதையும் போடாதீர்கள். ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள், முள்ளின் எடை பார்ப்பதற்கென்றே சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

மோனோ தட்டு வாங்கினால் வேறு முள் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஸ்டீரியோ முள்ளே மோனோ எல்பியை ஒழுங்காக வாசிக்கும். ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள், கரகரப்பு கொஞ்சம் அடங்கும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய 78 தட்டு மட்டும் வேறு கதை. அதற்கு வேகமும் வேறு, முள்ளும் வேறு.

மூன்றாவது: புதுப் பதிப்பில் தொடங்குங்கள்

பழசுதான் நிஜம், புதுசு போலி என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். புளூ நோட்டே இப்போது இரண்டு நல்ல வரிசைகளை வெளியிடுகிறது. ஒன்று டோன் பொயட், 2019-இல் தொடங்கியது. ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் கிரே பழைய மூல டேப்பிலிருந்து நேரடியாக வெட்டுகிறார் (அச்சுக்கான மூலத் தட்டில் ஒலியைப் பள்ளமாகச் செதுக்குவதைத்தான் வெட்டுவது என்பார்கள்), அச்சு கலிபோர்னியாவில். கெட்டி அட்டையில் விரித்துப் பார்க்கிற உறை, உள்ளே உல்ஃப் எடுத்த படங்கள் பெரிய அளவில். இன்னொன்று கிளாசிக் வைனல் வரிசை, 2020 கடைசியில் வந்தது. அதையும் கெவின் கிரேதான் வெட்டுகிறார், அச்சு ஜெர்மனியில், உறை சாதாரணம். டோன் பொயட்டுக்கு ஏறக்குறைய 40 டாலர் என்றால் இது அதைவிடப் பத்து டாலர் போலக் குறையும்.

எதை வாங்குவது? ரொம்பப் பேர் வாங்கிய பிரபலமான ஆல்பங்கள் பெரும்பாலும் கிளாசிக் வரிசையில் வரும்; கொஞ்சம் மறைந்து கிடந்தவை டோன் பொயட்டில் வரும். கண்டிப்பான சட்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், போக்கு அப்படி. புதியவருக்கு என் சிபாரிசு: கிளாசிக் வரிசையில் ஐந்து தட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துத் தடவை கேளுங்கள். அப்புறமும் அந்த ஆல்பம் வேண்டும் என்று இருந்தால் பழசைத் தேடலாம். கேட்டுச் சலித்துப் போகிற ஆல்பத்தின் அசலை வாங்கி வைப்பதில் என்ன இருக்கிறது?

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது, ஜப்பான் அச்சு. 1977 முதல் 1983 வரை கிங் ரெக்கார்ட்ஸ் என்ற ஜப்பானிய கம்பெனியும், அதற்கு முன்னும் பின்னும் தோஷிபாவும் புளூ நோட்டை அங்கே வெளியிட்டன. சோனி கிளார்க்கின் 1588 அமெரிக்காவில் வெளிவந்தபோது கண்டுகொள்வார் இல்லை; ஜப்பானியர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். அவர்கள் அச்சில் பொரியும் சத்தம் ரொம்பக் குறைவு, வைத்திருந்தவர்களும் பத்திரமாக வைத்திருந்திருப்பார்கள். முதுகில் கட்டிய காகிதப் பட்டையோடு கிடைத்தால் பட்டையைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். விற்கும்போது அதற்கும் விலை உண்டு.

நான்காவது: தட்டைப் படிப்பது

இதுதான் பாடம். மெதுவாக வாருங்கள்.

மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதமான லேபிள், லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையம், கடைசியாக உறை.

லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு முகவரி அச்சாகியிருக்கும். கம்பெனி ஆபீஸ் மாற மாற முகவரியும் மாறியது, அதனால் அதுவே காலண்டர். 767 லெக்சிங்டன் அவென்யூ என்றிருந்தால் 1957-க்கு முந்தைய சரக்கு. அடுத்து 47 வெஸ்ட் 63-ஆவது தெரு, அது 1962 வரை. பிறகு தெருப் பெயரை எடுத்துவிட்டு வெறுமனே 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்று போட்டார்கள், 1966 வரை. 'லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் பிரிவு' என்று எழுதியிருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை, கம்பெனி கைமாறிய பிறகு வந்தது. 1970களில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கைக்குப் போன பிறகு லேபிளின் தோற்றமே மாறிவிட்டது, தூரத்திலிருந்தே தெரியும்.

ஆக ஒரு ஆல்பம் எந்த வருஷம் முதலில் வந்தது, அப்போது எந்த முகவரி என்று பொருத்திப் பாருங்கள். 1957-இல் பதிவான ஜான் கோல்ட்ரேனின் 1577 தட்டில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' இருந்தால் அது மறு அச்சு. லயன் காலத்து மறு அச்சாக இருக்கலாம், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் முதல் அச்சு என்று விலை சொன்னால் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் ஒரு முகவரி, மறுபக்கம் வேறு முகவரி என்றும் வரும். மீந்த லேபிளை வீணாக்காமல் ஒட்டிவிடுவார்கள். மளிகைக் கடையில் பழைய பில் புத்தகத்தைத் தீர்ப்பது போலத்தான்.

லேபிளின் மேலேயே வட்டமாக ஒரு பள்ளம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆழப் பள்ளம் என்பார்கள். நகத்தை மெல்ல இழுத்தால் தட்டுப்படும். பழைய அச்சு இயந்திரத்தின் தடம் அது. 1961 வாக்கு வரையிலான முதல் அச்சுகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும்; அதற்கப்புறம் ஒரு பக்கம் இருக்கும், இல்லாமலும் போகும். 1963, 64 தட்டில் பள்ளம் இல்லை என்று யாராவது விலை குறைத்துப் பேசினால் அவருக்கு விஷயம் தெரியாது.

இப்போது வெற்று வளையம். கடைசிப் பாட்டு முடிந்து, லேபிள் தொடங்குவதற்குள் இசை இல்லாத ஒரு வளையம் பளபளவென்று இருக்கும். மேசை விளக்கை அணைத்துவிடுங்கள். போனின் டார்ச்சைப் போட்டுத் தட்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட தட்டின் மட்டத்துக்கே இறக்கிப் பிடியுங்கள். மேலே இருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, வெறும் கண் கூசும். சாய்வாகப் பிடித்து, தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்லத் திருப்பினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். முதலில் தட்டு எண்ணும் ஏ அல்லது பி என்ற பக்கக் குறியும் கையால் கீறியிருக்கும். கொஞ்சம் தள்ளி வான் கெல்டரின் கையொப்பம். ஆரம்பத்தில் ஆர்.வி.ஜி. என்று கையால் கீறுவார். பிறகு அதையே முத்திரையாக அடித்தார். 1962-ஐ ஒட்டி 'வான் கெல்டர்' என்று முழுப் பெயர் முத்திரை வந்தது. பதிவு செய்தவரே இந்தத் தட்டுக்கான மூலத்தையும் வெட்டினார் என்பதற்கு அது சாட்சி.

இன்னும் திருப்புங்கள். தனியாக ஒரு கீறல், குழந்தை வரைந்த காது போல. அதுதான் காது. உண்மையில் அது ஆங்கில 'P' எழுத்து. நியூ ஜெர்சியில் புளூ நோட் தட்டுகளை அச்சடித்த பிளாஸ்டிலைட் என்ற தொழிற்சாலையின் அடையாளம். வளைத்து எழுதியதில் காது மாதிரி ஆகிவிட்டது, சேகரிப்பவர்களும் உலகம் முழுக்கக் காது என்றே சொல்கிறார்கள். லிபர்ட்டி வாங்கியதும் பிளாஸ்டிலைட்டில் அச்சடிப்பது நின்றுபோனது. ஆக, காது இருந்தால் லயன் காலம். இல்லாவிட்டால் லிபர்ட்டி காலம் அல்லது அதற்குப் பின். மிகப் பழைய சில விதிவிலக்குகள் உண்டு, தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இதில் நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். லீ மார்கனின் 4157, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். விளம்பரத்தில் 'அசல் முதல் அச்சு' என்று இருந்தது. படத்தில் லேபிள் தெளிவாக 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்று காட்டியது. வான் கெல்டர் முத்திரை உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். உண்மைதான், இருந்தது. பணம் கட்டி, ஒரு மாதம் காத்திருந்து, பார்சல் வந்த அன்று ராத்திரி சாப்பிடாமல்கூட உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தேன். எண் தெரிந்தது, முத்திரை தெரிந்தது. காது இல்லை. மறுபக்கம் திருப்பினேன். இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். வீட்டில், "என்ன, கீறல் இருக்கா?" என்று கேட்டார்கள். கீறல் இல்லாததுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது!

என்ன நடந்திருக்கிறது என்றால், லிபர்ட்டி கம்பெனியை வாங்கியபோது மீந்திருந்த பழைய லேபிள்களும் சேர்ந்து போயின. வான் கெல்டர் வெட்டிய உலோக அச்சும் போயிற்று. அந்த அச்சை வைத்து, அந்த லேபிளை ஒட்டி, வேறு தொழிற்சாலையில் அடித்தார்கள். லேபிளும் சரி, முத்திரையும் சரி, காது மட்டும் கிடையாது. விற்றவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

1963, 64 தட்டுகளுக்கு விதி சுலபம் என்றேன் அல்லவா, இதுதான்: 'நியூயார்க் யுஎஸ்ஏ' லேபிள், வான் கெல்டர் முத்திரை, காது. மூன்றும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஆனால் ஒன்று. காது இல்லாத அந்த 4157-ஐப் போட்டுக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. அதே வெட்டு, அதே அச்சு, ஒலியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேட்பதற்காக வாங்குபவருக்கு, வான் கெல்டர் முத்திரை உள்ள லிபர்ட்டி தட்டுகளைவிட நல்ல பேரம் கிடையாது. அசல் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டீரியோவா மோனோவா என்பதை எண்ணே சொல்லிவிடும். மோனோவுக்கு பி.எல்.பி. (BLP) 4157 என்றால் ஸ்டீரியோவுக்கு பி.எஸ்.டி. (BST) 84157, முன்னால் ஒரு 8 கூடும். எது மேல் என்று இரண்டு கட்சி உண்டு, நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குகிறேன். ஒரு பொறியை மட்டும் தவிருங்கள். மோனோவாகவே பதிவான பழைய தட்டுகளை லிபர்ட்டி காலத்தில் மின்னணு வித்தையால் ஸ்டீரியோ போல ஆக்கி விற்றார்கள். அட்டையின் பின்பக்கத்திலோ லேபிளிலோ அதைப் பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும்.

உறையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உறையிலும் முகவரி இருக்கும், ஆனால் நல்ல உறைக்குள் வேறு தட்டைப் போட்டு வைப்பது ரொம்பச் சகஜம். உறை அழகைப் பார்த்து மயங்கியவர்கள் எத்தனையோ பேர். டால்ஃபியின் 4163 அட்டையில், 'திரும்பி வருவோம்' என்று கடை வாசலில் தொங்கும் கடிகாரப் பலகை. அதில் முட்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல நேரத்தைக் காட்டுகின்றன. பார்த்ததும் வாங்கத்தான் தோன்றும். தட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது: நிலைமையும் விலையும்

தட்டின் நிலைக்கு ஒரு தரவரிசை இருக்கிறது: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட் என்பதன் சுருக்கம்), குட். இதில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. வாசலில் வைத்துச் செடித்தொட்டிக்கு அடியில் போடலாம் என்று அர்த்தம். விஜி என்றால் சத்தம் கேட்கும், ஆனால் பாட்டை அமுக்காது. விஜி பிளஸ் எடுத்தால் நிம்மதி.

இந்தத் தரம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போட்டது. அங்கேதான் சிக்கல். அந்தக் கால அமெரிக்க வீடுகளில் கனமான முள்ளை வைத்து விருந்துக்கு விருந்து ஓட்டியிருப்பார்கள். தட்டு பளபளவென்று இருக்கும், கீறலே இருக்காது, ஆனால் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கிழிந்த துணி போல ஒரு பிசிறு வரும். தேய்மானம். கழுவினாலும் போகாது. வான் கெல்டர் சத்தத்தைத் தாராளமாக ஏற்றி வெட்டுபவர், அதனால் இவருடைய தட்டுகளில் அது சீக்கிரம் தெரிந்துவிடும். எனவே விற்பவரிடம், "போட்டுக் கேட்டுத் தரம் போட்டீர்களா, பார்த்துப் போட்டீர்களா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் உரத்த இடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். லேபிளுக்குக் கிட்டே வர வர தேய்மானம் அதிகம் கேட்கும்.

கூடவே இரண்டு பக்க வெற்று வளையத்தின் படமும் கேளுங்கள். காது தெரிகிற மாதிரி. அனுப்ப மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். தட்டுகள் எங்கும் ஓடிவிடாது. இந்த வருஷம் கை நழுவியது அடுத்த வருஷம் வேறெங்காவது வரும்.

விலைக்கு, தட்டுகள் வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்தந்தப் பதிப்பின் பழைய விற்பனை விலைகளைப் பார்க்கலாம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஒரே ஆல்பத்துக்கு அங்கே பல பக்கங்கள் இருக்கும், ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்று. சரியான பக்கத்தில்தான் பார்க்கிறோமா என்று வெற்று வளைய எழுத்தை வைத்துச் சரிபாருங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பதாக இருந்தால் இன்னொரு கணக்கு. சுங்க வரியைத் தட்டின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், தபால் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். ஒரு தட்டை வரவழைப்பதும் மூன்றை வரவழைப்பதும் தபாலில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுங்கள். வரியையும் தபாலையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் தட்டின் விலை. அதற்கு முன் விளம்பரத்தில் பார்த்த எண்ணை மறந்துவிடுங்கள். தட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கிக் குலுங்கி உறையின் விளிம்பைக் கத்தி போல அறுத்துவிடும். அறுபது வருஷம் தாங்கிய உறை கடைசிப் பத்து நாளில் கிழிந்து வருவதைப் பார்க்கச் சகிக்காது.

ஆறாவது: கழுவுவதும் வைப்பதும்

பழைய தட்டு வந்ததும் பிளேயரில் போடாதீர்கள், முதலில் கழுவுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் போதும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். தட்டுக்கென்று விற்கும் கழுவு திரவம் சில சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வடித்த நீரால் மட்டும் ஒரு முறை துடைத்துவிட்டு நிழலில் காய விடுங்கள். தாத்தா காலத்து 78 தட்டு வீட்டில் இருந்தால் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது அரக்குத் தட்டு, கரைந்து போகும். புளூ நோட் 1939-இல் போட்ட முதல் தட்டுகளும் அதே இனம்தான்.

சென்னை மாதிரி ஊரில் தட்டுக்கு எதிரி வெயிலும் ஈரமும். பரணில் வைக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மே மாதம் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். தட்டு அப்பளம் மாதிரி வளையும். காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் அதே கதை. மழைக்காலத்தில் பழைய காகித உள்ளுறையில் பூஞ்சை பிடிக்கும், அது தட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளுறையை மாற்றிப் பாலிதீன் உறை போடுங்கள். அசல் காகித உறையைத் தூக்கிப் போடாமல் அட்டைக்குள் தனியாகச் செருகி வையுங்கள். வெளியுறைக்குக் கெட்டியான பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், வருஷக்கணக்கில் வைத்தால் தட்டின் மேல் புகை மாதிரி படர்ந்துவிடும். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், சாய்த்தோ அடுக்கியோ வேண்டாம். 50 தட்டு சேர்ந்தால் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், எனவே துணி அலமாரியின் மெல்லிய பலகையை நம்பாதீர்கள்.

ஏழாவது: நோட்டு

ஒரு 40 பக்க நோட்டு போதும். தட்டு எண், லேபிள் முகவரி, வெற்று வளையத்தில் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது, யாரிடம் எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எந்த இடத்தில் சத்தம் வருகிறது. தட்டு வந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் எழுத மாட்டீர்கள். கடைக்குப் போகும்போது நோட்டின் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தட்டையே மறுபடி வாங்கி வருவது எல்லாருக்கும் நடக்கும். எனக்கு 4123-இல் நடந்தது, இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றில் காது உண்டு. இன்னொன்றை மழைக்காலத்தில் போடுவதற்கு வைத்திருக்கிறேன்.